வந்த காரணம்

கொழும்பில் குடியிருக்கும் வடக்குத் தமிழனை அடையாளம் காண அவன் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, நெற்றியைப் பார்க்க வேண்டியதில்லை. அலுமாரியைத் திறந்தால் போதும். சுவாமிப் படமும் நகைப் பெட்டியும் இருக்கிற தட்டுக்கும் மேல்தட்டில் ஒரு பைல் இருக்கும். வீடு நெருப்புப் பிடித்தால் முதலில் பிள்ளையைத் தூக்குவதா, பைலைத் தூக்குவதா என்று மனைவி ஒருநாள் கேட்டாள். பிள்ளைக்குக் கால் இருக்கிறது, தானே ஓடிவரும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளும் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைதான். கணக்குச் சரியென்று தலையாட்டினாள்.

பைலுக்குள் என்ன இருக்கிறது? பிறப்புச் சான்றிதழ். அதன் சிங்கள மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்புச் சரிதான் என்று சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் குத்திய முத்திரை. அப்பாவின் இறப்புச் சான்றிதழ். இடம்பெயர்ந்த காலத்து நிவாரண அட்டை. ஊர் விதானையார் தந்த வதிவிடச் சான்றிதழ், அவருக்குப் பிறகு வந்தவர் தந்தது, கொழும்புக் கிராம சேவகர் தந்தது. பொலிஸ் பதிவுத் துண்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், பொலித்தீன் உறைக்குள், காணி உறுதி.

அந்த உறுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். நொத்தாரிசு முற்றுப்புள்ளியே வைக்காமல் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். வசாவிளானில் இன்ன பெயருள்ள காணி, இத்தனை பரப்பு. கிழக்கு எல்லை ஒழுங்கை, வடக்கு எல்லை பெரியம்மாவின் பங்கு, மேற்கு எல்லை இன்னாருடைய உரிமைக்காரர் தோட்டம், தெற்கு எல்லை கோயில் ஆதனம். இதற்குள் அடங்கிய கல்வீடும், தென்னையும் பனையும், கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும். ஒரு பனை விடுபடவில்லை. ஆனால் இவ்வளவு கவனமாக எழுதிய மனிதருக்கு ஐந்தாவது எல்லை ஒன்று வரப்போவது தெரியாமல் போய்விட்டது. 1990இல் இராணுவ முட்கம்பி வந்து நாலு எல்லையையும் சேர்த்துக் கட்டியது. அதற்கு எந்த நொத்தாரிசும் கையெழுத்து வைக்கவில்லை.

பைல் இப்படித் தடித்துப்போனதற்கு நான் தனிப்பட்ட முறையில் பெருமைகொள்ள முடியாது. முழுப் பெருமையும் இலங்கை அரசுக்குரியது. நீ எந்த ஊர், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று ஒரு அரசு தன் பிரஜையிடம் இத்தனை வருடம் சலிக்காமல் கேட்பதென்றால் அது சாதாரண அக்கறையா? சொந்த மாமியார்கூட இரண்டாம் கிழமையோடு கேட்பதை விட்டுவிடுவார்.

பொலிஸ் பதிவுப் படிவத்தைக் காணும் பாக்கியம் பெறாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டிலுள்ளவர்களின் பெயர், வயது, தொழில், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி. இதுவரை நியாயம். பிறகு வரும்: கொழும்புக்கு வந்த காரணம். எவ்வளவு காலம் தங்குவதாக உத்தேசம். மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் இந்த நகரத்துக்கு வந்தவர்கள் ஏராளம். வேலைக்கு வந்தார்கள், படிக்க வந்தார்கள், கலியாணம் கட்டி வந்தார்கள், சும்மாவும் வந்தார்கள். தலைநகரம் என்றால் அப்படித்தான் நிரம்பும். அவர்களில் யாரும் காரணம் எழுதிக் கொடுத்ததில்லை. எனக்கு மட்டும் ஒரு காரணம் தேவைப்பட்டது. "வேலை" என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், உன் ஊரில் வேலை இல்லையா என்றார். இருந்தது ஐயா, தோட்டம் செய்தோம் என்றேன். அப்படியென்றால் ஏன் அதை விட்டுவிட்டு வந்தாய் என்றார். அதில் உங்கள் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற பதில் தொண்டை வரைக்கும் வந்தது. தொண்டையோடு நின்ற புண்ணியத்தில்தான் இன்றைக்கு இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

அடையாள அட்டை இன்னொரு அற்புதம். நீண்ட காலமாக வடக்குக் கிழக்கில் கொடுத்த அட்டையில் சிங்களமும் தமிழும் இருந்தன, தெற்கில் கொடுத்ததில் சிங்களம் மட்டும் இருந்தது. இருமொழிக் கொள்கையை இதைவிடப் பயனுள்ளதாக உலகில் எவரும் நடைமுறைப்படுத்தியிருக்க மாட்டார்கள். இரவுச் சோதனைச் சாவடியில் டோர்ச் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்த பொடியன் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு விதமான எழுத்தைக் கண்டால் போதுமாயிருந்தது. "பஹின்ன!" இறங்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாண வாசிகளுக்குரியது. கொழும்பில் போய்க் குடியேறியவன் இன்னும் யாழ்ப்பாண வாசிதானா, இல்லையா? இதைத் தீர்மானிக்க நீதிமன்றங்கள் நூறு வருடத்துக்கு மேலாக மண்டையை உடைத்தன. சீதனச் சொத்து, தேடிய தேட்டம், திரும்பிப் போகும் எண்ணம் என்று எத்தனையோ பக்கங்கள். நீதியரசர்களுக்கு வந்த அந்தச் சந்தேகம் காலி வீதிச் சாவடியில் நின்ற கான்ஸ்டபிளுக்கு ஒரு நிமிடமும் வந்ததில்லை.

2007 ஜூன் 7. விடியப்புறம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளின் கதவுகளைப் பொலிஸ் தட்டியது. பாஸ்போட் எடுக்க வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். உடுப்பை அள்ளிக்கொள்ள அரை மணி நேரம். 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணம் இல்லாத தமிழர் கொழும்பில் தங்க முடியாதென்று பொலிஸ் மேலிடம் விளக்கமும் சொன்னது. ஒரு நாட்டுக்குள்ளேயே எப்படி நாடுகடத்துவது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தார்கள், அதுவும் இலவச பஸ்ஸில். மறுநாள் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்த அரசு அடுத்த வருடமே தன்னைத் திருத்திக்கொண்டது: 2008 செப்டம்பரில், ஐந்து வருடத்துக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே வந்து பதிய வேண்டுமென்று அறிவித்தது. கதவைத் தட்டும் சிரமம் பொலிஸுக்கு மிச்சம். கைக்குழந்தையோடும் ஊன்றுகோலோடும் வெயிலில் வரிசையில் நின்றோம். எந்த மாடி, எந்த இலக்கம், எத்தனை பேர், எல்லாம் எழுதிக் கொடுத்தோம். இந்த வரிசையை வாசகர் மறந்துவிடக் கூடாது. பிறகு தேவைப்படும்.

குண்டு வெடித்ததே, அதனால்தானே கேட்டார்கள் என்பீர்கள். வெடித்தது. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக்குப் போன லொறி, அங்கே நின்றவர்களிடம் யார் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு வெடிக்கவில்லை. அதை அனுப்பியவர்களும் எங்கள் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினார்கள், எங்களைக் கேட்டு அல்ல. அவர்களும் படிவம் வைத்திருந்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு பாஸ். போகும் காரணம் என்ன, எப்போது திரும்புவாய், நீ வராவிட்டால் யார் பிணை? இந்தப் பக்கம் வந்த காரணம், அந்தப் பக்கம் போகும் காரணம். இரண்டு தரப்பும் முப்பது வருடம் சுட்டுக்கொண்டன. படிவத்தில் மட்டும் ஒரு கருத்து வேறுபாடும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்களவர்களுக்குக் கசக்கும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கொழும்பு லொட்ஜில் எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம் என்று நாங்கள் இன்றைக்கும் கண்ணீர் வடிக்கிறோம், சரி. அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு எத்தனை பேர் வாய் திறந்தோம்? புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிள்ளை பெற்று வளர்த்தவன் ஊர் திரும்பினால், இவ்வளவு காலமும் எங்கே இருந்தாய், இப்போது ஏன் வந்தாய் என்று முதலில் கேட்பவர்கள் யார்? எங்கள் கந்தோர்கள், எங்கள் அதிகாரிகள், சுத்தமான தமிழில். கேள்வி எங்களுக்கு வலித்தது என்பதற்காக அதைக் கேட்கும் ஆசை எங்களை விட்டுப்போகவில்லை.

சந்தேகமென்றால் வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் மாடிக்கு மேல் மாடி. சொந்தக்காரர் டொரொன்டோவில் அல்லது லண்டனில், சாவி ஒன்றுவிட்ட தம்பியிடம், பேரம் புரோக்கரிடம். அட்வான்ஸ் பேசுவதற்கு முன் புரோக்கர் குரலைத் தாழ்த்துவார்.

"தம்பி எந்த ஊர்?"

"வசாவிளான்."

"வசாவிளானிலை எந்தப் பக்கம்?"

பக்கம் சொன்னேன்.

"கோயிலடியோ, அங்காலையோ? அப்பா ஆர்?"

பொலிஸ்காரன் ஊரோடு நிறுத்துவான். எங்கள் ஆள் ஒழுங்கை வரைக்கும் வருவார், ஒழுங்கையிலிருந்து குடும்பத்துக்கு வருவார், குடும்பத்திலிருந்து அவர் உண்மையில் கேட்க வந்த இடத்துக்கு வந்து சேருவார். அந்த இடத்தின் பெயரை வாயால் சொல்ல மாட்டார். சொன்னால் சாதி பார்க்கிறோம் என்றாகிவிடுமே! வன்னியிலிருந்து வந்தவனுக்கு இன்னும் சுருக்கம்: "வன்னிப் பக்கமோ... வீடு வேறை ஆக்களுக்குக் குடுத்தாச்சுத் தம்பி." கிளிநொச்சியில் பிறந்த என் நண்பன் ஒருவன் மூன்றாவது வீட்டுக்குப் பிறகு தன்னை யாழ்ப்பாணமென்று சொல்லிக்கொள்ளப் பழகினான். சிங்களவனிடம் கொழும்பு என்பான், தமிழனிடம் யாழ்ப்பாணம் என்பான், தூக்கத்தில் மட்டும் கிளிநொச்சி. தனி நாடு கேட்ட இனம், தனி பிளட்டில்கூட வன்னியானைக் குடிவைக்கத் தயங்குகிறது.

கந்தோரில் நிலைமை வேறு. அங்கே எல்லோரும் நல்லவர்கள். உண்மையிலேயே நல்லவர்கள், அதுதான் தாங்க முடியாதது. பக்கத்து மேசைக்காரர் நீண்ட வார விடுமுறையில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய்வந்தார். எனக்கென்று பனங்கட்டிக் குட்டான் வாங்கிவந்தார். போனைத் திறந்து படம் காட்டினார். நயினாதீவு, நல்லூர், கீரிமலை. பிறகு காங்கேசன்துறையில் இராணுவம் நடத்துகிற தல்செவன விடுதி; மகள் கடலில் நிற்கிறாள், பின்னால் நீலம். "உங்கள் ஊர்ப் பக்கம் என்ன வடிவு! அறை சுத்தம், சாப்பாடு அருமை. நீங்கள் போய்த் தங்கியதில்லையா?" என்று ஆவலோடு கேட்டார்.

என்ன சொல்வது? அந்தப் பக்கத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் சில கிலோமீற்றர் தள்ளி மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம் கொட்டில்களில் கிடந்த காலத்திலேயே அந்த விடுதியில் அறை பதிவு நடந்தது என்றா? பிறந்த மண்ணில் படுக்க விருப்பமென்றால் காணி உறுதியோடு போய்ப் பயனில்லை, முன்பதிவுச் சீட்டோடு போகலாம் என்றா? பனங்கட்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை.

அரசாங்கக் கடிதங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. கடிதங்களுக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மொழி உரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கு அரசு ஒரு தொலைபேசி இலக்கம் தந்தது. எந்த இலக்கம் தெரியுமா? 1956. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டு. திட்டமிட்டுச் செய்தார்களோ, தற்செயலோ, எங்கள் வாழ்க்கையில் யாரோ ஒரு அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

இனி ஊருக்குப் போவோம். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், விடிய யாழ்ப்பாணம். போகும் வழியில் இருந்த ஓமந்தைச் சாவடி இப்போது இல்லை, ரயிலும் 2014இலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது. முன்னேற்றத்தை மறைத்தால் நாக்கு அழுகிவிடும். 2025 ஏப்ரலில் இன்னொரு முன்னேற்றம். வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை 34 வருடத்துக்குப் பிறகு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அம்மா பத்திரிகையில் பார்த்துவிட்டு, செத்துப்போவதற்கு முன் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ என்றார். வான் பிடித்துப் போனோம்.

வீதி வாசலில் அறிவித்தல் போட் வைத்திருந்தார்கள். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும். மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது. இடையில் நிறுத்தக் கூடாது. திருப்பக் கூடாது. நடந்து போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. சாலையில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் தடைசெய்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை, மூச்சுவிடுவதை, பெருந்தன்மையோடு அனுமதித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் முட்கம்பி வேலி. அம்மா யன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டே வந்தார். இது வாசிகசாலை நின்ற இடம். இது சங்கக்கடை. பிறகு திடீரென்று: "தம்பி, நிப்பாட்டு, நிப்பாட்டு, இதுதான் எங்கடை ஒழுங்கை!"

"நிப்பாட்டேலாதம்மா, போட் கிடக்கு" என்றான் வான்காரப் பொடியன். அவனுக்கும் பாவமாக இருந்தது. 40இலிருந்து 20க்கு இறக்கினான். சட்டம் வேகத்துக்குக் கீழ் எல்லை போடவில்லை என்று கண்டுபிடித்த புத்திசாலி. உறுதியில் கிழக்கு எல்லையாக எழுதப்பட்ட ஒழுங்கை, வேலிக்குள் பற்றையாகி, எங்களைக் கடந்து பின்னால் போனது. சுற்றிவர மிச்ச இடமெல்லாம் பற்றையென்று நினைக்க வேண்டாம். எங்கள் வலிகாமம் வடக்கில் இராணுவம் நன்றாகத் தோட்டம் செய்கிறது. செம்மண், எது வைத்தாலும் வரும். என் தகப்பன் வெங்காயம் வைத்த மண்ணில் கத்தரி காய்ப்பதில் எனக்கு மண்மீது கோபமில்லை.

இப்போது நான் சொன்ன அந்த வரிசையை நினைவுபடுத்துங்கள். வடக்கிலிருந்து வந்தவன் ஒருவனும் தப்பாமல் மாடி இலக்கத்தோடு பதிந்துகொண்ட அரசு இது. 2013 ஏப்ரலில் இதே அரசு வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாகக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் போட்டது. அறிவித்தலை எங்கே ஒட்டினார்கள்? மரங்களில். ஏன் மரத்தில்? காணி உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்!

கண்டுபிடிக்க முடியவில்லை. நள்ளிரவில் தட்டுவதற்கு என் கதவு தெரியும். எத்தனை பேர் உள்ளே படுத்திருக்கிறோம், யார் புதிதாக வந்தார், எப்போது போவார், எல்லாம் தெரியும். முகாமில் இருந்தவர்களுக்கு நிவாரணம் கொடுத்த பட்டியல் அதே அரசின் பிரதேச செயலகத்தில் இருந்தது. தேர்தல் வந்தால் அவர்களுக்கு வாக்காளர் அட்டை வீடு தேடி, கொட்டில் தேடி வரும். சந்தேக நபராக நாங்கள் தேவைப்பட்டால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறோம். உரிமையாளராகத் தேவைப்பட்டால் காற்றில் கரைந்துவிடுகிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்வதற்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவந்தது. உலகத்தில் மனிதர்கள் எதையெதையோ நிரூபிக்க வழக்குப் போடுவார்கள். நாங்கள் காணாமல் போகவில்லை என்று வழக்குப் போட்டோம். உண்மையில் காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரக் கொட்டகையில் குந்தியிருக்கிற நாட்டில்.

அது ராஜபக்ஷ காலம், இப்போது மாற்றம் வந்துவிட்டது என்பீர்கள். வந்தது. நாங்களும் நம்பினோம். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் தேசிய மக்கள் சக்திக்கு அள்ளிக் கொடுத்தோம். நன்றிக் கடிதம் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வடிவில் வந்தது. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் மட்டும் 3,669, முல்லைத்தீவில் 1,703, மிச்சம் கிளிநொச்சியிலும் மன்னாரிலும். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. வெள்ளைக்காரன் 1931இல் செய்த சட்டத்தைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். ஏகாதிபத்தியத்தை எதிர்த்து மேடை மேடையாக முழங்கியவர்களுக்கு, ஆட்சிக்கு வந்ததும் ஏகாதிபத்தியவாதியின் மேசை லாச்சிதான் முதலில் கைக்கு வந்தது.

மூன்று மாதம் போதாதா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. முல்லைத்தீவுக்காரன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடப்பெயர்வில் வீடு போயிற்று, அடுத்த இடப்பெயர்வில் பெட்டி போயிற்று, 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் பைலும் பைலைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆளும் போயிற்று. அவன் எந்த உறுதியைக் கொண்டுவருவான்? தகப்பன் பெயரில் இருந்த பெர்மிட்டின் பிரதியை எடுக்கக் கச்சேரிக்குப் போனால், அங்கே இருந்த பதிவேடு யுத்தத்தில் அழிந்துவிட்டது என்பார்கள். அரசு தன் பதிவேட்டைத் தொலைத்தால் அது யுத்த அழிவு. குடிமகன் தன் உறுதியைத் தொலைத்தால் அது அரச காணி.

எதிர்ப்புக் கிளம்பியது, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசு வர்த்தமானியை வாபஸ் வாங்கியது. நன்றி. எங்கள் தலைவர்களும் தாங்கள்தான் காரணமென்று தனித்தனியாக அறிக்கைவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டுகிற அந்தப் பெருமக்களில் பலர், கூட்டம் முடிந்ததும் அதே இரவில் கொழும்புக்கு வாகனம் ஏறுவதை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்த காரணத்தைப் புரோக்கரும் கேட்பதில்லை, பொலிஸும் கேட்பதில்லை. மெய்க்காவலராக வருவதே பொலிஸ்தான்.

வாபஸ் வாங்கியது வர்த்தமானியை மட்டும். பழக்கத்தை யாரும் வாபஸ் வாங்கவில்லை. கொழும்பில் நின்றால் உன் ஊருக்குப் போ என்கிறது அரசு. ஊருக்குப் போனால் இது உன் ஊர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்கிறது. இரண்டு கேள்வியையும் ஒரே வாய்தான் கேட்கிறது. இரண்டுக்கும் பதில் எழுதி எழுதியே ஒரு தலைமுறை கிழண்டிப்போயிற்று. எங்கள் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க உண்மைப் பிரதியென்று ஜே.பி. கையொப்பமிட்ட ஒரு கட்டுக் கடுதாசிதான் மிச்சம்.

பதில் எழுதியது போதும். முப்பது வருடப் பயிற்சி வீண்போகக் கூடாதென்று நானே ஒரு படிவம் தயாரித்திருக்கிறேன். வசாவிளானில் என் கிழக்கு எல்லைக்கு உள்ளே நிற்பவர்களுக்கும், அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கும். பெயர். நிரந்தர முகவரி, முகாமின் பெயரை எழுத வேண்டாம், பிறந்த ஊரை எழுதவும். இந்தக் காணிக்கு வந்த காரணம். பாதுகாப்பு என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது, யுத்தம் 2009 மே மாதத்தோடு முடிந்ததென்று வருடா வருடம் விழா எடுப்பவர்கள் நீங்கள்தான். எவ்வளவு காலம் தங்குவதாக உத்தேசம். உங்களுக்குப் பொறுப்பு நிற்கும் உள்ளூர்வாசி யார். காணிக்கு உறுதி உண்டா, எழுதிய நொத்தாரிசு யார், கிணற்றில் உங்கள் பங்கு எவ்வளவு. கத்தரிக்காய் விற்ற காசில் சொந்தக்காரனுக்குக் குத்தகை கட்டிய பற்றுச்சீட்டு இருந்தால் இணைக்கவும். கடைசியாக, உங்கள் ஊரில் வேலை இல்லையா?

படிவம் தமிழில் மட்டும். விளங்காவிட்டால் 1956ஐ அழைக்கலாம். அவகாசம் மூன்று மாதம், நீங்கள் எங்களுக்குத் தந்த அதே மூன்று மாதம். அதற்குள் பதில் வராவிட்டால், காணியின் உரிமையாளர்கள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார்கள் என்று மரத்துக்கு மரம் ஒட்டுவோம்.